நான் மூச்சுவிடாத புட்டிகள்

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எண்கள் நன்றாக எழுதுவேன். என் பெயரை யார் முன்னாலும் கை நடுங்காமல் போடுவேன். இதை எழுதி முடிக்க எனக்கு ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அவசரம் ஒன்றும் இல்லை. என்னைப் பற்றி டைப் அடித்த ஒரு தாள் எங்கேயோ ஒரு ஆபீஸ் பீரோவுக்குள் இருக்கிறது. அதில் இருப்பது பொய். அதற்கு எதிராக என் கையால் ஒன்று இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற ரோட்டில் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி, பஸ் நின்றுபோகிற இடத்துக்கும் மேலே ஜீப்பில் ஒரு மணி நேரம் போனால் மரமில்லாத ஒரு மொட்டை முகடு வரும். அங்கன ஒரு இரும்புக் கோபுரம், மூன்று அறை, ஒரு அடுப்படி. காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது, வருசத்துக்கு வருசம் எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கிற ஆபீஸ் அது. கார், பஸ், அடுப்பு, ஆலை எதுவும் பக்கத்தில் இல்லாத காற்று வேண்டும் என்றுதான் அவ்வளவு உயரத்தில் கட்டியிருந்தார்கள். என்னைச் சமைக்கவும் கூட்டவும் எடுத்தார்கள்.

அனுமந்தன்பட்டியில் எங்களுக்கு நெல்லும் வாழையுமாக நிலம் இருந்தது. வீட்டுக்காரர் போன பிறகு கொழுந்தன்மார் அதைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு குறையும் வைக்கவில்லை, ஆனால் அவர்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்து அவர்கள் போட்ட சோற்றைத் தின்ன எனக்கு இறங்கவில்லை. மலைக்குப் போனேன். தனியாக மலையேறுகிற பொம்பளையை ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாததா? பேசிக்கொள்ளட்டும் என்றுதான் போனேன்.

அப்போது இருந்த சார் வேறு மாவட்டத்துக்காரர். ஒல்லியான ஆள், மூச்சிழுப்பு உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் விடிந்தும் விடியாமல், கீழே பள்ளத்தாக்கில் இருந்து காற்று ஏற ஆரம்பிக்கிறதுக்கு முன்னால், கண்ணாடிப் புட்டியில் காற்றைப் பிடிக்க வேண்டும். அதுதான் அங்கே முக்கியமான வேலை. மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அந்தக் குளிரில் அவருக்கு இருமல் முட்டிக்கொண்டு வரும். ஒரு புட்டி பிடிப்பதற்குள் நாலு புட்டி கெட்டுப்போகும். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் சொன்னேன், நான் முல்லையாற்றில் முங்கு நீச்சல் போட்டு வளர்ந்தவள், என்னிடம் கொடுத்துப் பாருங்கள் என்று. அவர் சிரிக்கவில்லை. கொடுத்தார்.

புட்டி கனமாக இருக்கும். ஒரு சின்னக் குடம் அளவு. உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளியூரில் அளக்கிற இடத்திலிருந்து வெறுமையாக அடைத்து அனுப்புவார்கள், நிரப்பி அங்கேயே திருப்பி அனுப்புவோம். கழுத்தில் ஒரு திருகு. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைக் காட்டி நிற்க வேண்டும். நன்றாக மூன்று முறை மூச்சு வாங்கி, மூன்றாவதை அடக்கிக்கொண்டு காற்றுக்கு எதிராக இருபது எட்டு நடக்க வேண்டும். புட்டியைத் தலைக்கு மேல் தூக்கித் திருகைத் திறந்தால் உஸ்ஸென்று இழுக்கும். மனசுக்குள் பத்து எண்ணி மூட வேண்டும். மூடிவிட்டு, விலகி வந்து, பிறகுதான் மூச்சை விட வேண்டும். அப்புறம் இரண்டாவது புட்டி, அதே மாதிரி. எப்போதும் ஜோடியாகத்தான் பிடிப்போம். வெளிக்காற்றில் இருப்பதைப் போல நூறு பங்கு கரியமில வாயு நம் மூச்சில் இருக்கிறது, ஒரு துளி மூச்சு உள்ளே போனாலும் கணக்கு நாசம் என்று சார் சொல்லியிருந்தார்.

புட்டி நாளில் அடுப்புப் பற்ற வைக்க மாட்டேன். புட்டி இரண்டும் மூடிப் பெட்டிக்குள் போன பிறகுதான் டீத்தண்ணி. சாரும் பேசாமல் காத்திருப்பார்.

அவர் எனக்கு ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தார். தேதி, நேரம், புட்டி நம்பர், காற்று வந்த திசை, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"எது நடந்தாலும் குறிப்புல எழுதிருங்கம்மா. எழுதிட்டா அந்த ஒரு புட்டியை மட்டும் தள்ளி வைப்போம். மறைச்சுட்டா எல்லாப் புட்டியையும் சந்தேகப்படணும்."

ஆறு வருசம் அவரிடம் வேலை பார்த்தேன். ஊருக்கு வந்தால் பஸ்ஸில் பொம்பளைகள் கேலி செய்வார்கள். கீழே காற்றே இல்லாத மாதிரி மேலே போய்ப் பிடிக்கிறீகளே அக்கா, எங்களுக்கும் ரெண்டு புட்டி கொண்டாங்க என்பாள் ஒருத்தி. உன் வீட்டுக் காற்றை அடைத்தால் புட்டி வெடித்துவிடும் என்பேன் நான். அவர்கள் சிரிக்கட்டும். உலகத்துக் காற்றுக்குக் கணக்கு எடுக்கிறார்களாமே, அதில் நம் பக்கத்துக் காற்று என் கையால் போகிறது என்று எனக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிறகு அந்த சாரை மாற்றிவிட்டார்கள். வந்தவர் பெரிய சார். தேய்த்த சட்டை, சத்தமில்லாத பேச்சு. யாரையும் அதட்ட மாட்டார். என்னை மட்டும் ஆயா என்று கூப்பிட்டார். நான் சமைக்க வந்தவள்தான், ஆனால் ஆயா இல்லை. ஒரு முறை சொன்னேன். சரி ஆயா என்றார்.

அவர் வந்த வருசமே கிழக்குப் பக்கம் விருந்தாளிகளுக்கு என்று ஒரு அறை கட்டினார். மேலிடத்து ஆட்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். மேகமலையைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? கரண்டு அடிக்கடி போகிற இடம் என்பதால் முதலிலிருந்தே டீசல் ஜெனரேட்டர் உண்டு. அது கிழக்கே, சரிவில் கீழே இருந்தது. மேற்கேயிருந்து மேகாற்று அடிக்கிற மலையில் கிழக்கே புகைந்தால் புகை அப்படியே கீழே போய்விடும், கோபுரத்துக்கு வராது. பழைய சார் அதை யோசித்துத்தான் வைத்திருந்தார். இப்போது அந்தச் சத்தம் விருந்தாளிகள் தூக்கத்துக்கு இடைஞ்சலாம். தூக்கி மேற்கே வைத்துவிட்டார்கள். கோபுரத்துக்கு நேர் மேற்கே. இனிமேல் மேகாற்று அடித்தால் புகை நேராகக் கோபுரத்துக்குத்தான் வரும்.

அந்த வருசத்தில்தான் யானை வந்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதிலிருந்துதான்.

மழை விட்ட ஒரு காலை. முதல் புட்டியை மூடி வைத்துவிட்டேன். இரண்டாவதைத் தலைக்கு மேல் தூக்கித் திருகைத் திறந்துவிட்டேன், இழுத்துக்கொண்டிருக்கிறது. சோலைக்காட்டு ஓரத்தில் மூடுபனி விலகுகிறது, அங்கே ஒரு பெண் யானை, காலுக்கு நடுவில் குட்டி. இருபது முப்பது எட்டுதான் இருக்கும். எங்கள் பக்கத்தில் யானையைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கிற பழக்கம் கிடையாது. கும்பிட்டு, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நிற்கிறவனை அது களவாணி என்று நினைக்கும் என்பார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து பழகின வாய். நான் புட்டியை மறந்துவிட்டேன் என்று இல்லை. புட்டி கையில் இருக்கிறது என்று தெரிந்தேதான் வாய் திறந்தது.

"சாமி, நான் ஒதுங்கிக்கிறேன். பிள்ளைய கூட்டிக்கிட்டு நீ போ ஆத்தா."

அது காதை ஒரு முறை அசைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நான் திருகை மூடினேன். அடக்கி வைத்த மூச்சு முழுக்க அந்தப் புட்டி வாயருகில்தான் போயிருக்கிறது.

நோட்டை எடுத்தேன். குறிப்புக் கட்டம் சின்னது, அதில் இவ்வளவையும் எழுத எனக்கு ஓடவில்லை. அந்தப் புட்டி நம்பருக்கு நேரே ஒரு யானை வரைந்தேன். தும்பிக்கை, வால் எல்லாம் வைத்து. பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பிறகு பெரிய சாரிடம் போய் வாயாலும் சொன்னேன். இந்த ஒரு புட்டி ஆகாது, தள்ளி வைத்துவிடுங்கள் என்று.

அவர் நோட்டைப் பார்த்து ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம், இது பெரிய பெரிய ஆட்கள் பார்க்கிற நோட்டு, இதில் படம் போடக் கூடாது, இனிமேல் குறிப்புக் கட்டத்தைத் தொடவே வேண்டாம், அது இங்கிலீஷில் நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். அவர் எழுதவே இல்லை. அந்தக் கட்டம் நாலு வருசமும் காலியாகவே கிடந்தது, என் யானை ஒன்றைத் தவிர.

விருந்தாளிகள் வந்துவிட்டால் காலையிலேயே ஜெனரேட்டர் ஓடும். குளிக்க வெந்நீர் வேண்டும். மேகாற்று அடித்தால் அந்தப் புகை நேராக என் மூஞ்சியில் வரும். நான் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இது ஓடும்போது திறக்க மாட்டேன் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. குறித்த நாளில் குறித்த நேரத்தில் புட்டி பிடிக்க வேண்டும் என்பது விதி, ஒரு வாரம் தவறினாலும் மேலே கேள்வி வரும், நீ பிடி ஆயா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அரை மணி நேரம் அதை நிறுத்துங்கள், நான் முடித்துக்கொள்கிறேன் என்றேன். வந்திருக்கிறவர்கள் யார் தெரியுமா என்று கேட்டார். பிடித்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, பல வாரம் பிடித்தேன். வேலையை விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். கொழுந்தன் வீட்டு மூலை நினைவுக்கு வந்தது. இறங்கவில்லை. இதில் என் தப்பு உண்டு என்றால் அது இதுதான், யானை இல்லை.

நாலு வருசம் கழித்து, வெளியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இந்த ஆபீஸ் அனுப்புகிற புட்டிகளில் பாதிக்கு மேலானதில் கரியமில வாயு எக்குத்தப்பாக ஏறி இருக்கிறதாம், ஏன் என்று விசாரிக்க வந்தார்களாம். பெரிய சார் என்னைக் கூப்பிட்டார். எப்படிப் பிடிக்கிறாய் என்று சொல் என்றார். நடந்து காட்டினேன். மூச்சு எப்போதாவது விட்டிருக்கிறாயா என்று கேட்டார். ஒரு முறை, யானை வந்தபோது என்றேன். அவர் நோட்டைத் திருப்பி அந்தப் பக்கத்தை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தார். ஏற்கெனவே அடையாளம் வைத்திருந்தார் போல, தேடவே இல்லை. மூன்று பேரும் யானையைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "ஐயா, நான் புட்டிய ஜோடியா புடிக்கிறவ. நான் மூச்சு விட்டுருந்தா ஒண்ணுல கூட இருக்கும், ஒண்ணுல கொறய இருக்கும். ரெண்டுலயும் ஒரே மாதிரி எப்படி ஏறும்? அந்த ஜெனரேட்டரு எங்கன இருக்குன்னு போயிப் பாருங்க."

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. பெரிய சார்தான் இங்கிலீஷில் சொன்னார். நான் அத்தனை பேசினேன், அவர் சொன்னது நாலே வார்த்தை. வந்தவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். ஒருவர் என்னைப் பார்த்துப் பாவம் என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

சாயங்காலம் ஒரு தாள் வந்தது. இங்கிலீஷில் டைப் அடித்தது. பக்கத்தில் மை ஒற்றுகிற பெட்டி. நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறது, கைநாட்டு வை ஆயா என்றார்.

இந்த இடத்தில்தான் நான் புத்தி கெட்டுப் போனேன். அவர் கைநாட்டு என்றதும் எனக்கு ஏறிவிட்டது. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லி அவர் பேனாவையே வாங்கி, என் பெயரை முழுசாக, அப்பா பெயரின் முதல் எழுத்தோடு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திப் போட்டேன். இதில் என்ன இருக்கிறது, தமிழில் வாசித்துக் காட்டு என்று கேட்க வேண்டியவள், நான் கைநாட்டு இல்லை என்று காட்டுவதிலேயே நின்றுவிட்டேன். நன்றாக இருக்கிறது ஆயா உன் கையெழுத்து என்றார் அவர்.

அதற்கப்புறம் என்னிடம் புட்டி கொடுக்கவில்லை. காற்றைத் தானே உறிஞ்சித் தானே அளக்கிற மிஷின் ஒன்று வந்தது. ஜெனரேட்டரும் பழைய இடத்துக்கே போனது. யாரும் சொல்லாமல், ஒரு நாள் காலையில் நாலு பேர் வந்து தூக்கி வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகு ஒரு வருசம் சமைத்தேன். பிறகு இறங்கிவிட்டேன். இப்போது சின்னமனூரில் ஒரு வீட்டு மாடியில் தனியாக இருக்கிறேன்.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்று ஆபீஸ் ஜீப் ஓட்டுகிறவர்தான் சொன்னார். கடைவீதியில் பார்த்தபோது, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நான் பல முறை புட்டியில் மூச்சு விட்டதாகவும், பயந்து மறைத்ததாகவும், எழுத்தறிவு இல்லாததால் விதிகள் எனக்குப் புரியவில்லை என்றும், அதை நானே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பதாகவும் எழுதியிருந்ததாம். அதனால் அந்த நாலு வருசத்துப் புட்டிகள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். ஜெனரேட்டர் ஓடாத வாரங்களில் பிடித்த சுத்தமான புட்டிகள் எத்தனையோ உண்டு. அதையும் சேர்த்து.

"நீயும் அங்கனதான இருந்த. ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டாந்தவனே நீதான" என்றேன்.

"எனக்கும் பிள்ளைக இருக்குக்கா" என்றார்.

ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

போன வருசம் ஒரு மேடம் என் வீட்டுக்கு வந்தது. முப்பது வயசு இருக்கும், தெற்கத்திப் பிள்ளை, பேச்சு நம் பேச்சாக இருந்தது. அந்த ஆபீஸில் புதிதாக வந்திருக்கிறதாம். மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு கோடு காட்டியது. கருக்கருவாள் பல் மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மொத்தமாக மேலே போய்க்கொண்டிருந்தது. மரம் தழைக்கும்போது இறங்கும், உதிரும்போது ஏறும், மனுசன் எரிக்கிறதால் மொத்தமாகக் கூடிக்கொண்டே போகும் என்று விளக்கியது. முதல் ஆறு வருசம் என் புட்டிகள். நான் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு கோடு அறுந்து, ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாகக் கிடந்தது. அதற்கப்புறம் மிஷின் கோடு.

"நாலு வருசம் உலகம் மூச்சே விடலையாக்கும்" என்றேன்.

மேடம் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு, அந்தப் பழைய அளவுகளை எல்லாம் தான் எடுத்துப் பார்த்ததாகச் சொன்னது. அதே புட்டிகளில் இன்னொரு வாயுவையும் அளந்து வைத்திருக்கிறார்களாம், ஏதாவது எரிந்தால் வருகிற வாயு. கரியமில வாயு எக்குத்தப்பாக ஏறின ஜோடிகளில் எல்லாம் அதுவும் ஏறியிருக்கிறது. மனுச மூச்சில் அது அப்படி இருக்காதாம். ஜோடிப் புட்டிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதாம். ஒரே ஒரு வாரத்தில் மட்டும்தான் இரண்டாவது புட்டி தனியாகத் துள்ளி நிற்கிறது.

"யானை வந்த வாரம்" என்றேன்.

"ஆமாம்மா. யானை வந்த வாரம்."

பத்து வருசம் கழித்து ஒரு வாய் அதைச் சொல்லிவிட்டது. எனக்குக் கண்ணீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவும் அந்த அளவிலேயே இருந்திருக்கிறது. அப்போதே யாராவது உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்க ஆள் இல்லை, என் யானையைப் பார்த்துச் சிரிக்க மூன்று பேர் இருந்தார்கள்.

மேடம் வந்தது இதைச் சொல்ல மட்டும் இல்லை. ஆபீஸுக்கு ஒரு விழா எடுக்கிறார்களாம். ஆரம்ப வருசங்களில் புட்டி பிடித்தவர் என்று என்னை மேடையில் உட்கார வைத்துப் பொன்னாடை போட வேண்டும் என்று அதுதான் சொல்லி, ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறது. நல்ல மனசோடுதான் செய்திருக்கிறது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். இப்போது என்னிடம் சொன்னதை அந்த மேடையில் மைக்கில் சொல்லணும். புட்டி கெட்டது என் மூச்சால் இல்லை, ஜெனரேட்டர் புகையால் என்று. கோட்டைக் காட்டும்போது அந்த வெள்ளை இடத்தில் நிறுத்திச் சொல்லணும். பொன்னாடை கூட வேண்டாம்.

கேட்டுச் சொல்கிறேன் என்று போனது. நாலு நாள் கழித்துப் போன் பண்ணியது. குரலே சொல்லிவிட்டது. விழாவுக்குத் தலைமை தாங்குகிறவர் அந்தப் பெரிய சாராம். இப்போது ரொம்ப மேலே இருக்கிறார். பழையதைக் கிளற வேண்டாம், அந்த அம்மாவுக்கு நானே என் கையால் பொன்னாடை போடுகிறேன் என்றாராம். இந்த முறை ஆயா என்று சொல்லவில்லை போல.

"நீங்க வாங்கம்மா. நான் பின்னாடி ஒரு கட்டுரையா எழுதி எல்லாத்தையும் கொண்டு வந்துருவேன்" என்றது மேடம்.

"எழுது ஆத்தா. அதுக்கு நான் எதுக்கு அங்கன? அந்த நாலு வருசத்துப் புட்டி கணக்குல இல்லைன்னா, அதப் புடிச்சவளும் கணக்குல இல்லை. என் பேர எடுத்துரு."

விழா அன்றைக்கு ஜீப் வந்தது. அதே டிரைவர், தலை நரைத்துப்போய். தெருவே எட்டிப் பார்த்தது. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காக, வாக்கா, அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம் என்று ரொம்பக் கெஞ்சினார். நான் வாசல்படியில் நின்றே பேசினேன், உட்காரச் சொல்லவில்லை. அவர் போன பிறகு கீழ்வீட்டுக்காரி, இம்புட்டு ராங்கி ஆகாது, தேடி வந்த மரியாதையை யாராவது திருப்பி அனுப்புவார்களா என்று மாடிக்குக் கேட்கும்படி சொன்னாள். ராங்கிதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் டிரைவர் மறுபடி வந்து, கேட்காமலே தன் போனில் மேடைப் போட்டோவைக் காட்டினார். பெரிய சார் பேசிக்கொண்டிருக்கிறார். பின்னால் பேனர். பேனரில் அந்தக் கோடு, பெரிசாக, சிவப்பில். நான் போனை வாங்கி விரலால் விரித்துப் பார்த்தேன். நாலு வருசத்து வெள்ளையைக் காணோம். அறுந்தபடியே விட்டால் அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஒரு நேர்கோடு இழுத்துச் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வாராவாரம் குளிரில் நின்று பிடித்தது எதுவும் அதில் இல்லை.

"நல்லா இருக்காக்கா?" என்று கேட்டார் டிரைவர்.

போனை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.